ஓடுது என்று சொன்ன வண்டி

வண்டி ஓடுதா என்று மங்கை போனில் கேட்டாள், ஓடுது என்று சொல்லிவிட்டேன். புதன்கிழமை சொன்னது. இன்று ஞாயிறு, மணி பத்தேகால், பைக்கின் பின் சக்கரத்துக்கு எதிரே மணைப்பலகை போட்டு உட்கார்ந்திருக்கிறேன், புதுப் பெட்ரோல் ஊற்றி உதைத்ததில் இன்ஜின் கிளம்பிவிட்டது, சக்கரம்தான் அசைய மாட்டேன் என்கிறது. இரண்டு கையாலும் டயரைப் பிடித்து இழுத்தால் மொத்த வண்டியும் ஸ்டாண்டில் நின்றபடி ஆடுகிறதே தவிர, சக்கரம் ஒரு விரற்கடை நகரவில்லை. மூன்று நாற்பதுக்கு ரயில். மாயவரத்திலிருந்து வருகிற பாசஞ்சர், பெரும்பாலும் நேரத்துக்கு வந்துவிடும், எனக்கு வேண்டாத நாளில் கட்டாயம் வந்துவிடும். ஒண்ணே முக்கால் வருஷம் கழித்து என் மனைவி வீட்டுக்கு வருகிறாள். வருகிறாள் என்றால், வந்து இருக்கப் போகிறாளா, இல்லை வந்து பேசிவிட்டுப் போகப் போகிறாளா, அதை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 'ஞாயித்துக்கிழமை வரேன், பேசணும்' என்றாள். அப்புறம்தான் அந்தக் கேள்வி. ஒண்ணே முக்கால் வருஷத்தில் என்னிடம் அவள் கேட்ட ஒரே கேள்வி அது. உடம்பு எப்படி இருக்கு என்று கேட்கவில்லை, சாப்பாட்டுக்கு என்ன செய்றீங்க என்று கேட்கவில்லை. வண்டி ஓடுதா. நான் மூச்சு விடுகிற நேரம்கூட யோசிக்கவில்லை.

யோசிக்காமல் வருவதுதான் என் வியாதி. கல்லூரி ஆபீசில் இருபத்திரண்டு வருஷமாக ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பக்கம் ஒரு முகம் வந்து, சார் என் டிசி என்னாச்சு, சார் என் ஸ்காலர்ஷிப் ஃபாரம் போயிடுச்சா என்று கேட்கும். ஆச்சு, அனுப்பியாச்சு, நாளைக்கு வந்துடும் என்பேன். அந்த முகம் உடனே தெளிந்துவிடும். தெளிந்த முகத்தைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சுகம் இருக்கிறது, மறைக்க என்ன இருக்கிறது. அந்த முகம் திரும்பிப் போன பிறகு ஃபாரத்தைத் தேடி எடுத்து அனுப்பியும்விடுவேன், பல நாள். ஏமாற்ற வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. சொல்லிவிட்டுச் செய்வதற்கும் செய்துவிட்டுச் சொல்வதற்கும் நடுவில் என்ன பெரிய வித்தியாசம் என்றுதான் இருந்தேன். கேஸ் புக் பண்ணியாச்சா, ஆச்சு. மாடி டேங்க் கழுவியாச்சா, ஆச்சு. மங்கை சிரிப்பாள் அப்போதெல்லாம். 'உங்க ஆச்சுக்கு ரெண்டு நாள் கழிச்சுதான் அர்த்தம் வரும்' என்பாள். நூலகத்தில் வேலை பார்க்கிறவள், புத்தகம் திரும்பி வந்ததா இல்லையா என்பதை ரெஜிஸ்டரில் பார்த்துத்தான் நம்புவாள், என்னை மட்டும் ரெஜிஸ்டர் இல்லாமல் நம்பினாள். சரி, நட்டைப் பார். போனில் ஓடுகிற ரிப்பேர் வீடியோவில் அந்தப் பையன் என்ன சொல்கிறான். பிரேக் பெடலிலிருந்து பின்னால் வருகிற கம்பியின் கடைசியில் இருக்கிற அட்ஜஸ்டர் நட்டை முதலில் லூஸ் பண்ணணும், அப்பவும் சக்கரம் சுத்தலைன்னா சக்கரத்து நடுவுல இருக்கிற டிரம்முக்குள்ள பிரேக் ஷூ ஒட்டியிருக்குன்னு அர்த்தம் என்கிறான். லூஸ் என்றால் எந்தப் பக்கம். நான் திருகத் திருக அது இறுகிக்கொண்டே போகிறது. நாற்பத்தொன்பது வயதில் ஒரு நட்டை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஒரு பெண் கழுத்தை நீட்டினாளே, அவளைச் சொல்ல வேண்டும்.

'என்ன சார், வண்டிக்கு ஆபரேஷனா?' எதிர்வீட்டு ரோஸ்லின் டீச்சர். சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த வெள்ளைப் புடவை இன்னும் மாற்றவில்லை, கேட்டில் கையை ஊன்றி நிற்கிறாள். 'ஒண்ணுமில்ல டீச்சர், சும்மா சர்வீஸ்தான்' என்றேன். 'கட்டிங் பிளேயரை வெச்சு நட்டைத் திருகுறீங்க, அது மழுங்கிடும் சார். எங்க வீட்டுக்காரர் ஸ்பேனர் பொட்டி சும்மாதான் கெடக்கு, தரேன். மங்கை மூணு நாப்பதுக்குத்தானே வர்றா?' எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'உங்களுக்கு எப்படித் தெரியும்?' 'வாராவாரம் ஞாயித்துக்கிழமை பேசுவா சார், நான் சர்ச் விட்டு வந்ததும். உங்களுக்குத் தெரியாதா?' தெரியாது. அவள் குரல் வாராவாரம் பன்னிரண்டு அடி தள்ளி எதிர்வீட்டுக்கு வந்துபோயிருக்கிறது, நான் இங்கே ஈசிசேரில் படுத்துக்கொண்டு பேப்பர் படித்திருக்கிறேன். என்ன பேசியிருப்பார்கள். என்னைப் பற்றி ஒரு வார்த்தையாவது கேட்டிருப்பாளா, இளைச்சிட்டாரா, விளக்கு எரியுதா என்று. 'ஸ்டேஷனுக்கு ஆட்டோ சொல்லிடட்டுமா?' என்றாள் டீச்சர். 'வேணாம் டீச்சர், வண்டிலதான் வந்து கூட்டிட்டுப் போகணும்னு சொல்லியிருக்கா.' சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. அப்படி எப்போது சொன்னாள்? ஓடுதா என்று கேட்டாள், அவ்வளவுதான். பாக்கியை நானே சேர்த்துக்கொண்டேன். ஒரு பொய்யைச் சரிசெய்ய உட்கார்ந்த இடத்தில் இன்னொன்று. டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஸ்பேனர் பெட்டியை எடுத்துவரப் போனாள்.

நல்ல ஸ்பேனர் கைக்கு வந்ததும் நட் சொன்ன பேச்சைக் கேட்கிறது. எதிர்ப்பக்கம்தான் திருப்ப வேண்டியிருந்தது. அட்ஜஸ்டர் கழன்றது, சக்கரம் அசையவில்லை. ஆக, உள்ளே ஒட்டியிருக்கிறது. எப்படி ஒட்டியது என்று அந்தப் பையனே சொல்கிறான், வண்டியைத் தண்ணி விட்டுக் கழுவினா ஒரு ரவுண்டு ஓட்டணும், பிரேக் போட்டுப் போட்டு ஓட்டினா உள்ள இருக்கிற ஈரம் காஞ்சிடும், கழுவிட்டு அப்படியே நிறுத்தினா துரு பிடிச்சு ஷூவும் டிரம்மும் ஒண்ணாயிடும் என்று. கேட்டுவிட்டு ஸ்பேனரைக் கீழே வைத்தேன். மங்கை போன பிறகு நான் இந்த வண்டியை எடுக்கவே இல்லை. பின்னால் ஆள் இல்லாமல் ஓட்டப் பிடிக்கவில்லை, அதுதான் உண்மை, பஸ்ஸில்தான் ஆபீஸ் போகிறேன். ஆனால் ஆயுதபூஜைக்கு மட்டும் வண்டியைக் கழுவுவேன். ஓஸ் பைப்பை வைத்து ஒரு மணி நேரம் கழுவுவேன், சக்கரத்தின் கம்பி கம்பியாகத் தேய்த்து, இண்டு இடுக்கில் எல்லாம் தண்ணீர் பீய்ச்சி. சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை, சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு எலுமிச்சம்பழம். முதல் வருஷம் வண்டியை முன்னால் தள்ளிப் பழத்தை நசுக்கி, போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். சரி என்று ஒரு வார்த்தை வந்தது. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் தீபாவளி வரை இருந்தேன். போட்டோ எடுத்ததும் அப்படியே ஸ்டாண்டில் ஏற்றி மூடிவிட்டேன், ஈரத்தோடு. அவள் ஞாபகமாக ஆசை ஆசையாகக் கழுவினேனே, அந்தத் தண்ணீர்தான் உள்ளே போய் உட்கார்ந்து வண்டியைக் கட்டிப்போட்டிருக்கிறது. போன ஆயுதபூஜையில் தள்ளிப் பார்த்தால் பின் சக்கரம் வரவில்லை. பழத்தை நசுக்க வேண்டுமே, நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறதே. சுற்றுமுற்றும் பார்த்தேன். செருப்புக் காலால் இரண்டு பழத்தையும் மிதித்து நசுக்கி, சக்கரத்துக்கு அடியில் செருகி வைத்து, போட்டோ எடுத்து அனுப்பினேன். பூஜை ஆச்சு என்று கீழே எழுதியும் அனுப்பினேன். பதில் வரவில்லை.

மணி பன்னிரண்டு. ஆக்சில் நட்டில் மாட்டிய ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்ததில் அது ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது, என் முட்டியில் தோலும் கொஞ்சம் போனது. செயினைக் கழற்றி, ஆக்சிலை உருவி, சக்கரத்தை வெளியே எடுத்துப் படுக்கப் போட்டாயிற்று. எடுத்துப் போட்டதும் வண்டியைப் பார்க்கச் சகிக்கவில்லை, பின்பாதி ஓட்டையாக நிற்கிறது. டிரம்மின் மூடி வரவில்லை. சமையல்கட்டிலிருந்து பூரிக்கட்டையை எடுத்துவந்து சுற்றிலும் தட்டுகிறேன். இந்தப் பூரிக்கட்டை எழுந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். தட்டுகிறபோது பக்கத்துப் பெட்டி கண்ணில் படுகிறது, வண்டியின் சைடு பாக்ஸ். அதைத் திறக்க வேண்டிய வேலை இல்லை. ஆனால் கண் அங்கேதான் போகிறது. எங்களோடு இருந்த மாமாவுக்கு, மங்கையின் அப்பாவுக்கு, வயிற்றில் கட்டி என்று தெரிந்த வருஷம், ஸ்கேன் ரிப்போர்ட்டைச் சென்னை டாக்டருக்குக் கூரியரில் அனுப்பச் சொல்லிக் கவரை என் கையில் கொடுத்தாள் மங்கை. சாயங்காலம் கேட்டாள், அனுப்பியாச்சா? அனுப்பியாச்சு. அன்று கூரியர்காரன் கடையைச் சாத்திவிட்டிருந்தான், நாளைக்கு அனுப்பிவிடலாம் என்று சைடு பாக்ஸில் வைத்தேன். மறுநாள் ஆபீசில் ஆடிட். அதற்கு மறுநாள் என்ன என்று எனக்கே நினைவில்லை. ஒன்பதாம் நாள் மழைக்கோட்டு எடுக்கப் பெட்டியைத் திறந்தவள் அந்தக் கவரோடு உள்ளே வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கவரை மேசை மேல் வைத்துவிட்டு அதன் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே நின்றாள். 'டாக்டர் ஏன் கூப்பிடலன்னு தெனமும் அப்பாவுக்கு நான் ஆறுதல் சொல்லிட்டு இருந்தேங்க' என்றாள். அவ்வளவுதான். அந்த மாதமே மாயவரம் நூலகத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு அப்பாவோடு போய்விட்டாள். ஒன்பது நாளில் எதுவும் மாறியிருக்காது, முன்பே முற்றிவிட்டிருந்தது என்று பிறகு டாக்டர் சொன்னாராம். மாமா ஐப்பசியில் போய்ச் சேர்ந்தார். காரியத்துக்குப் போனேன், பந்தலில் ஓரமாக உட்கார்ந்துவிட்டு வந்தேன். மாறியிருக்காது என்பது டாக்டர் கணக்கு. தினமும் அவள் அப்பாவிடம் போய் இன்னைக்குக் கூப்பிடுவாருப்பா என்று சொன்னாளே, அதை எந்த டாக்டர் வந்து தீர்த்துவைப்பார்.

மூடி வந்துவிட்டது. துருப்பொடி செங்கல் தூளாகக் கொட்டுகிறது, மூக்கெல்லாம் இரும்பு வாசனை. இரண்டு ஷூவும் வறண்டு, மேலே வெடித்து, பாவமாக இருக்கின்றன. உப்புத்தாளால் டிரம்மைத் தேய்த்தேன், ஷூக்களைத் தேய்த்தேன். வறட்சியைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா. மங்கையின் தையல் மெஷினுக்கு அடியில் எண்ணெய்க் குப்பி இருக்கிறது, மூக்கு நீண்ட பிளாஸ்டிக் குப்பி, பாதிக்கு மேல் எண்ணெய். மெஷினை அவள் எடுத்துப் போகவில்லை. எடுத்துப் போகாததை வைத்தே எத்தனை நாள் நம்பிக்கை வளர்த்திருக்கிறேன். தைக்கப் பிடிக்கிறவள் மெஷினை விட்டுவிட்டுப் போனால் திரும்பி வரத்தான் போகிறாள் என்று ஒரு நாள், புது மெஷின் வாங்கியிருப்பாள் என்று மறுநாள். குப்பியைத் தொட்டதும் அவள் விரல் ஞாபகம். சனிக்கிழமை காலையில் என் தலையில் எண்ணெய் வைத்துத் தேய்ப்பாள், அசையாம இருங்க, காஞ்ச கருவாடா இருக்கு மண்டை என்று. எண்ணெய் நெற்றியில் வழியும், விரல் காதுக்குப் பின்னால் போகும். சூட்டுக்கும் எண்ணெய்தான், வறட்சிக்கும் எண்ணெய்தான், கதவு கிரீச்சிட்டால், கத்திரி ஒட்டிக்கொண்டால், எல்லாவற்றுக்கும் எண்ணெய்தான் எங்கள் வீட்டில். இரண்டு ஷூவுக்கும் தாராளமாக விட்டு, விரலால் தேய்த்து ஊறவைத்தேன். இரண்டும் குடித்துக்கொண்டே இருந்தன. இன்னும் கொஞ்சம் விட்டேன். என் வாழ்க்கையில் ஒரு வேலையை இவ்வளவு அன்பாகச் செய்ததில்லை.

திரும்ப மாட்டுவதில்தான் உயிர் போய்விட்டது. ஒரு தடவை எல்லாம் மாட்டி முடித்துப் பார்த்தால் தரையில் வளையல் மாதிரி ஒரு புஷ் மிச்சம். இது இல்லாமலே ஓடாதா என்று ஒரு நிமிஷம் உள்ளே ஒரு குரல் கேட்டது, எனக்கு நன்றாகப் பழக்கமான குரல். யாருக்குத் தெரியப் போகிறது, உள்ளே இருக்கிற சமாச்சாரம்தானே. கழற்றினேன். மறுபடி ஆக்சிலை உருவி, புஷ்ஷைப் போட்டு, செயினை ஏற்றி, கருத்துப்போன கையைத் துடைக்காமலே டீச்சர் வீட்டுப் பம்பால் காற்றடித்து முடித்தபோது மணி இரண்டே முக்கால். சக்கரத்தைத் தட்டிவிட்டேன். சுற்றியது. அப்படி ஒரு சுற்று! டக்டக்டக்கென்று செயின் பேசிக்கொண்டே வர, கம்பிகள் ஒன்றோடொன்று கலந்து மறைய, நிற்காமல் சுற்றியது. மணைப்பலகையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஓடுது மங்கை. நான் சொன்னது பொய்யில்லை, கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். இன்னும் ஒரு மணி நேரத்தில் நீ பின்னால் ஏறி உட்காருவாய், புடவைத் தலைப்பை இழுத்து மடியில் செருகிக்கொள்வாய், தோளில் கை வைப்பாய். அந்தக் கைக்குக் கனமே இருக்காது. வேகத்தடை வரும்போது மட்டும் கனக்கும். கல்யாணமான புதிதில் ஒரு வேகத்தடையில் பயந்துபோனாள், பிரேக் போடறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போடுங்க என்றாள். அன்றிலிருந்து நான் ம் என்பேன், அவள் விரல் தோளில் இறுகும், அப்புறம் பிரேக் போடுவேன். பத்தொன்பது வருஷம். அந்த ம் ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை. நான் ஒழுங்காகக் காப்பாற்றின வார்த்தை என்று ஒன்று உண்டென்றால் அது அதுதான்.

சுற்றுகிற சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே, சும்மா, வாயால் ம் என்று சொல்லிவிட்டுக் கையால் பிரேக் பெடலை அமுக்கினேன். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. இன்னும் அமுக்கினேன். அட்ஜஸ்டரை இறுக்கிவிட்டு எழுந்து காலால் மிதித்தேன். பெடல் முழுக்க இறங்கியது, சக்கரம் அது பாட்டுக்குச் சுற்றி, தனக்கு அலுத்தபோது நின்றது. போனை எடுத்தேன். டிரம் திறந்ததும் இனி எனக்குத் தெரியும் என்று நிறுத்திவைத்திருந்த வீடியோ. ஓடவிட்டேன். 'முக்கியமான விஷயம் நண்பர்களே, ஷூ மேல ஒரு சொட்டு எண்ணெய் கூடப் படக் கூடாது. பட்டா அந்த ஷூவைத் தூக்கிப் போட்டுட வேண்டியதுதான், பிரேக் பிடிக்கவே பிடிக்காது.' தாராளமாக விட்டேனே. விரலால் தேய்த்தேனே. மணி இரண்டு ஐம்பத்தைந்து. ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடையில் ஷூ கிடைக்கும். முன் பிரேக் இருக்கிறது, அதை வைத்து மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம். இரண்டு கிலோமீட்டர்தான். அவளுக்கு எப்படித் தெரியும், பெடல் என் காலடியில் இருக்கிறது. வண்டி ஓடுது பார் என்று காட்டிவிட்டு, நாளைக்கு ஆபீஸுக்கு லீவு போட்டு ஷூ மாற்றிவிட்டால் கதை முடிந்தது. மேம்பாலத்து இறக்கத்தில் லாரி வரும். நான் ம் என்பேன். அவள் நம்பித் தோளைப் பிடிப்பாள். என்னென்னவோ சொல்லியிருக்கிறேன், இந்த ஒன்றைச் சொல்ல முடியாது. ஆட்டோவில் போய், வண்டி டீச்சர் வீட்டுக்காரர் எடுத்துட்டுப் போயிருக்கார் என்று சொல்லலாம். சொல்லலாம், நாக்கின் நுனியிலேயே இருக்கிறது, முகம் உடனே தெளிந்துவிடும். எண்ணெய்க் கையோடு அவள் நம்பரை அமுக்கினேன்.

'ம், சொல்லுங்க. பண்ருட்டி இப்பதான் விட்டுச்சு.' ரயில் சத்தத்துக்குள்ளிருந்து அவள் குரல்.

'மங்கை, வண்டி ஓடல. புதன்கிழமை பொய் சொல்லிட்டேன். பின் சக்கரம் ஒட்டிப்போய்க் கெடந்துச்சு. இன்னிக்குக் காலைலேர்ந்து கழட்டிச் சரிபண்ணேன், இப்ப சுத்துது. ஆனா பிரேக் பிடிக்கல. ஷூவுல எண்ணெய் விட்டுட்டேன். உன் மெஷின் எண்ணெய்.'

தடதடவென்று ஏதோ பாலம் கடக்கிற சத்தம். கட்டாகிவிட்டதா என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

'தெரியும்' என்றாள்.

'டீச்சர் சொன்னாங்களா?'

'டீச்சர் ஒண்ணும் சொல்லல. ஆயுதபூஜைக்குப் போட்டோ அனுப்புனீங்களே, அந்த எலுமிச்சம்பழத்துல செருப்புக் கட்டம் அப்படியே பதிஞ்சிருந்துச்சு. டயர் ஏறுன பழம் அப்படியா இருக்கும்?'

எனக்குக் காது சுட்டது. 'அவ்ளோ சின்னப் போட்டோல எப்படித் தெரிஞ்சுது?'

'பெரிசு பண்ணிப் பார்த்தேன். வாசல், செம்பருத்தி, கொடில உங்க சட்டை, எல்லாத்தையும் பெரிசு பண்ணித்தான் பார்ப்பேன். அப்படியே பழமும் தெரிஞ்சுது.'

தெரிந்துகொண்டேதான் கேட்டிருக்கிறாள் புதன்கிழமை. நான்கு நாளாக அங்கே உட்கார்ந்து, என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருமா என்று காத்திருந்திருக்கிறாள், ரயிலில்கூட ஏறிவிட்டு. 'ஆட்டோ எடுத்துட்டு வந்துடறேன் மங்கை' என்றேன்.

'வேணாம். தள்ளினா வருமில்ல?'

'நல்லா வரும்.'

'அப்ப தள்ளிக்கிட்டே வாங்க. பெரிய பெட்டி ரெண்டு இருக்கு. பின் சீட்டுல வெச்சுக் கட்டிட்டு, நடந்தே வந்துடலாம்.'

ஸ்டாண்டை எடுத்தேன். கேட்டைத் திறக்கும்போது ரோஸ்லின் டீச்சர் வாசலுக்கு வந்து, 'ஸ்டார்ட் ஆகலையா சார்?' என்றாள். 'ஆகும் டீச்சர், பிரேக் இல்ல' என்றேன். வண்டியைத் தெருவில் இறக்கித் தள்ள ஆரம்பித்தேன். மணி மூன்று ஐந்து, இரண்டு கிலோமீட்டர், நேரம் சரியாக இருக்கும்.